நாடாளுமன்றத்தில் சட்டம் பிறப்பதும் அவைக்குறிப்பில் அது பதிவாவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் எவ்வாறு இயற்றப்படுகிறது, அங்கே பேசப்பட்டவை எங்கே, எந்த வடிவில் எழுதி வைக்கப்படுகின்றன என்பன குறித்து வழக்கமாக எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது. சட்டம் இயற்றும் முறையைப் பாடநூல்கள் ஓரளவு விளக்கிவிடுகின்றன. ஆனால் பதிவு செய்யும் முறையை அவை பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து விடுவதால், இங்கே அதற்குச் சற்றுக் கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

மசோதாவுக்கும் சட்டத்துக்கும் என்ன வேறுபாடு?

அவையின் பரிசீலனைக்காக வைக்கப்படும் வரைவே மசோதா. சட்டமுன்வடிவு என்றும் அதைச் சொல்வதுண்டு. இரு அவைகளும் அதை நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த பிறகே அது சட்டமாகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 79-வது பிரிவு, மக்களவை, மாநிலங்களவை ஆகியவற்றோடு குடியரசுத் தலைவரையும் சேர்த்தே நாடாளுமன்றம் என்று வரையறுப்பதற்கு இதுவே காரணம்.

மசோதாவின் எண்ணும் சட்டத்தின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீட்டுக்காகக் கொண்டுவரப்பட்டது 128-வது அரசமைப்புத் திருத்த மசோதா. அது சட்டமானபோது 106-வது திருத்தச் சட்டமாயிற்று. அறிமுகமாகும் திருத்த மசோதாக்கள் எல்லாம் நிறைவேறுவதில்லை என்பதால் இரண்டு எண்வரிசைகளும் விலகிக்கொண்டே போகின்றன. செய்திகளில் இவ்விரண்டு எண்களையும் மாற்றி எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

மசோதாவை எழுதுவது யார்?

அரசு மசோதாவாக இருந்தால், கொள்கையை வகுப்பது அந்தந்தத் துறையின் அமைச்சகம். அதைச் சட்டமொழியில் வரைந்து தருவது சட்ட அமைச்சகத்தின் சட்டமியற்றும் துறை. அமைச்சரவை ஒப்புதலுக்குப் பிறகே மசோதா அவைக்கு வருகிறது. அதன் பின்னிணைப்பாக நோக்கக் காரண விளக்கவுரை இருக்கும். அரசுக்குச் செலவு ஏற்படுமானால் நிதிக் குறிப்பும், விதிகள் இயற்றும் அதிகாரம் அரசுக்கு அளிக்கப்படுமானால் அது பற்றிய குறிப்பும் உடன் இருக்கும். ஒரு மசோதாவைப் புரிந்துகொள்ள விரும்புபவர் முதலில் இந்தப் பின்னிணைப்புகளைப் படிப்பதே எளிது.

மூன்று வாசிப்புகள் என்கிறார்களே, மசோதாவை உண்மையிலேயே மூன்று முறை வாசிக்கிறார்களா?

இல்லை. அச்சிட்ட படிகள் கைக்குக் கிடைக்காத காலத்து ஆங்கிலேய அவைகளில் மசோதாவை உரக்கப் படித்துக் காட்டிய வழக்கத்திலிருந்து வந்த பெயர் இது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

முதல் வாசிப்பு என்பது மசோதாவை அறிமுகம் செய்ய அவையின் அனுமதி கோருவதாகும். இந்தக் கட்டத்தில் பொதுவாக விவாதம் நடப்பதில்லை. எதிர்ப்பவர் சுருக்கமாகக் காரணம் சொல்லலாம். இரண்டாம் வாசிப்பில்தான் உண்மையான வேலை இருக்கிறது. முதலில் மசோதாவின் பொதுக் கொள்கை விவாதிக்கப்படும். பிறகு ஒவ்வொரு கூறாக, அதாவது மசோதாவின் எண்ணிட்ட ஒவ்வொரு பகுதியாக எடுத்துக்கொள்ளப்பட்டு, திருத்தங்கள் முன்மொழியப்பட்டு, வாக்குக்கு விடப்படும்.

கூறு வாரியான பரிசீலனையை நேரலையில் முதல்முறை பார்ப்பவர்கள் குழம்பிப்போவது இயல்பு. அவைத்தலைவர் இருக்கையில் இருப்பவர், இரண்டாம் கூறு மசோதாவின் பகுதியாக இருக்க வேண்டுமா என்று கேட்கிறார். ஆதரிப்பவர் ஆம் என்றும் எதிர்ப்பவர் இல்லை என்றும் குரல் கொடுக்கிறார்கள். கூறு சேர்க்கப்பட்டதாக அறிவிக்கப்படுகிறது. திருத்தம் எதுவும் இல்லாத கூறுகள் மொத்தமாக, ‘மூன்று முதல் பதினான்கு வரை’ என்பதுபோல் ஒரே மூச்சில் கடந்து செல்லும். முதல் கூறு எங்கே போயிற்று என்று தேடினால், அது கடைசியில் வருகிறது. சட்டத்தின் பெயரையும் தொடக்கத்தையும் சொல்வது முதல் கூறு என்பதால், மற்றவை முடிவான பிறகே அதையும், நாடாளுமன்றம் இதை இயற்றுகிறது என்று சொல்லும் இயற்றல் வாசகத்தையும், சட்டத்தின் நோக்கத்தைச் சொல்லும் நெடும் தலைப்பையும் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் முடிந்தபின், மசோதாவை நிறைவேற்றலாமா என்ற ஒற்றைக் கேள்வியே மூன்றாம் வாசிப்பு.

பின்னர் இதே வரிசை மற்றோர் அவையில் மீண்டும் நடக்கும்.

எல்லா மசோதாக்களும் குழுவுக்கு அனுப்பப்படுகின்றனவா?

கட்டாயம் இல்லை. துறைசார் நிலைக்குழுக்கள் 1993-ல் 17 ஆக அமைக்கப்பட்டு, 2004-ல் 24 ஆக உயர்த்தப்பட்டன. மசோதாவை நிலைக்குழுவுக்கு அனுப்புவது மக்களவைத் தலைவர் அல்லது மாநிலங்களவைத் தலைவரின் முடிவு. அவையே, அந்த மசோதாவுக்கென்று அமைக்கும் தெரிவுக்குழுவுக்கோ இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்கோ அனுப்பலாம். குழுவின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் வெளியார் கருத்துகளும் அதிகாரிகளின் விளக்கங்களும் உறுப்பினர்களின் மாற்றுக் கருத்துக் குறிப்புகளும் குழு அறிக்கையில் இடம்பெறுவதால், அவையில் நடக்கும் விவாதத்தைவிடப் பயனுள்ள ஆவணமாக அது அமைந்துவிடுவது உண்டு. குழுவுக்குப் போகாமல் நிறைவேறிய மசோதாவுக்கு இந்த ஆவணம் இருக்காது. அந்த இழப்பைப் பிற்காலத்தில் அச்சட்டத்தை ஆராய்பவர்தான் உணர்வார்.

எங்கள் தொகுதி உறுப்பினர் ஒரு மசோதாவை ஆதரித்து வாக்களித்தாரா, எதிர்த்தாரா என்று எப்படி அறிவது?

பெரும்பாலான சட்டங்களைப் பொறுத்தவரை, அறிய முடியாது. வாசகர்களுக்கு மிகுந்த ஏமாற்றம் தரும் விடை இது என்பதால் காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கமான முறை குரல் வாக்கெடுப்பு. எந்தப் பக்கக் குரல் ஓங்கியது என்று தலைவர் அறிவிப்பதோடு அது முடிகிறது. பெயரும் எண்ணிக்கையும் பதிவாவதில்லை. அந்த முடிவை உறுப்பினர் எவரேனும் ஏற்காமல் டிவிஷன் கோரினால்தான் எண்ணிக்கை தொடங்கும். அப்போது முன்கூடங்கள் காலி செய்யப்படும், மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கும், வெளியே இருக்கும் உறுப்பினர்கள் விரைந்து வந்து அமர்வார்கள், கதவுகள் சாத்தப்படும், கேள்வி மீண்டும் ஒருமுறை வைக்கப்படும். அதன் பிறகு ஒவ்வொருவரும் தம் இருக்கையிலுள்ள பொத்தான்களை அழுத்தி வாக்களிப்பார்கள். பொத்தான் தவறி அழுத்தியவர்களும், இயந்திரத்தில் வாக்கு பதியாதவர்களும் சீட்டில் எழுதித் தந்து திருத்திக்கொள்வார்கள். இதனால்தான் திரையில் முதலில் தெரியும் எண்ணிக்கை ‘திருத்தத்துக்கு உட்பட்டது’ என்று அறிவிக்கப்படுகிறது. அச்சான விவாதத் தொகுப்பில் இறுதி எண்ணிக்கையோடு பெயர்களும் இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. டிவிஷன் தேவையின்றிக் கோரப்படுவதாக மக்களவைத் தலைவர் கருதினால், உறுப்பினர்களை இருந்த இடத்திலேயே எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிவிடலாம். அப்படிச் செய்தால் வாக்களித்தோர் பெயர்கள் பதிவு செய்யப்படுவதில்லை என்று மக்களவையின் 367-வது விதியே கூறுகிறது.

அரசமைப்புத் திருத்தங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் தேவை என்பதால் எண்ணியே தீர வேண்டும். முன்னர் குறிப்பிட்ட மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454–2 என்றும், மாநிலங்களவையில் 214–0 என்றும் நிறைவேறியது நமக்குத் தெரிவது இதனாலேயே. மாறாக, மூன்று வேளாண் சட்டங்களுள் இரண்டு 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. எதிர்க்கட்சியினர் டிவிஷன் கோரியதும் அது அளிக்கப்படாததும் பெரும் சர்ச்சையாயின. அந்த வாக்கெடுப்புக்குப் பெயர்ப் பட்டியல் என்று ஒன்று இல்லை.

இரு அவைகளும் உடன்படாவிட்டால்?

குடியரசுத் தலைவர் 108-வது பிரிவின்படி கூட்டுக் கூட்டத்தைக் கூட்டலாம். மக்களவைத் தலைவர் அதற்குத் தலைமை வகிப்பார். இதுவரை மூன்று மசோதாக்களுக்காக மட்டுமே இது நடந்துள்ளது: 1961-ல் வரதட்சிணைத் தடை, 1978-ல் வங்கிப் பணி ஆணையத்தை நீக்குதல், 2002-ல் பயங்கரவாதத் தடுப்பு. பண மசோதாவுக்கும் அரசமைப்புத் திருத்த மசோதாவுக்கும் கூட்டுக் கூட்டம் கிடையாது.

பண மசோதாவும் நிதி மசோதாவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தோடு வரி மாற்றங்களுக்காக வருவது நிதி மசோதா. 110-வது பிரிவு பட்டியலிடும் வரி, கடன், தொகுப்பு நிதி போன்ற பொருள்களை மட்டுமே கொண்டிருப்பது பண மசோதா. ஒரு மசோதா பண மசோதாதானா என்பதை முடிவு செய்து சான்றளிப்பவர் மக்களவைத் தலைவர். அது மக்களவையில் மட்டுமே அறிமுகமாகும். மாநிலங்களவை 14 நாள்களுக்குள் பரிந்துரைகளோடு திருப்பி அனுப்ப வேண்டும். அப்பரிந்துரைகளை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். 2016-ல் ஆதார் சட்டம் பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டதிலிருந்து இந்தச் சான்றளிப்பு நீதிமன்றத்திலும் வாதப் பொருளாகியிருக்கிறது.

குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர மறுக்க முடியுமா?

அரசமைப்புத் திருத்த மசோதாவுக்கு மறுக்க முடியாது. மற்றவற்றுக்கு மறுக்கலாம், அவற்றுள் பண மசோதாவைத் தவிர்த்தவற்றை மறுபரிசீலனைக்குத் திருப்பியும் அனுப்பலாம். திருப்பி அனுப்பியதை இரு அவைகளும் மீண்டும் நிறைவேற்றினால் ஒப்புதலை நிறுத்தி வைக்க முடியாது. 2006-ல் ஆதாயம் தரும் பதவி தொடர்பான மசோதாவை அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார்; நாடாளுமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றியதும் ஒப்புதல் அளித்தார்.

ஆனால் எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 111-வது பிரிவு கூறவில்லை. கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்த 1986-ஆம் ஆண்டின் அஞ்சல் திருத்த மசோதாவை ஜெயில் சிங் ஏற்கவுமில்லை, திருப்பவுமில்லை, அப்படியே வைத்திருந்தார். அடுத்து வந்த ஆர். வெங்கட்ராமன் அதை மறுபரிசீலனைக்கு அனுப்ப, மசோதா கைவிடப்பட்டது.

ஒப்புதல் கிடைத்த நாளே சட்டம் அமலுக்கு வந்துவிடுமா?

சட்டத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால் வந்துவிடும். 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ‘மைய அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளில் அமலுக்கு வரும்’ என்ற வாசகம் இப்போது பெரும்பாலான சட்டங்களின் முதல் பிரிவில் காணப்படுகிறது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு 2019 டிசம்பர் 12 அன்று ஒப்புதல் கிடைத்தது. அது அமலுக்கு வந்தது 2020 ஜனவரி 10. அதற்கான விதிகள் வெளியானது 2024 மார்ச் 11. இதைவிட வியப்பானது 1995-ஆம் ஆண்டின் டெல்லி வாடகைச் சட்டம். இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரும் ஒப்புதல் அளித்த அந்தச் சட்டத்துக்கு அமலாகும் தேதி அறிவிக்கப்படவே இல்லை.

அமைச்சராக இல்லாத உறுப்பினர் மசோதா கொண்டுவர முடியுமா?

முடியும். தனிநபர் மசோதா எனப்படும் இவை வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. சட்டமானவை 14 மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ல். 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியபோது, 45 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அவையில் நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா என்ற பெயரைப் பெற்றது. ஆயினும் மக்களவையில் அது நிறைவேறவில்லை.

அந்தப் பதினான்கில் ஒன்று நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. நாடாளுமன்றத்தில் பேசியதை நாளிதழ் வெளியிட்டால் அவதூறு வழக்கு வரக்கூடும் என்ற நிலையை மாற்ற, ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த மசோதா 1956-ல் சட்டமாயிற்று. உள்நோக்கமின்றி, பொதுநலன் கருதி, பெருமளவு உண்மையாக வெளியிடப்படும் செய்திக்கு அது பாதுகாப்பு அளித்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், அவருடைய மனைவி இந்திரா காந்தியின் ஆட்சியிலேயே அது நீக்கப்பட்டது. 1977-ல் ஜனதா ஆட்சி மீண்டும் இயற்றியது. 1978-ஆம் ஆண்டின் 44-வது திருத்தம் அதே பாதுகாப்பை 361ஏ பிரிவாக அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டது.

அவையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொள்வது யார்?

அவையின் நடுவே, தலைவரின் மேடைக்குக் கீழே மேசை ஒன்று இருக்கும். அதில் அமர்ந்து தலைகுனிந்து எழுதிக்கொண்டிருப்பவர்கள் செயலகத்தின் செய்தியாளர்கள். பத்திரிகையாளர்கள் அல்லர், சுருக்கெழுத்தில் தேர்ந்த அரசு அலுவலர்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒருவர் எழுந்து செல்ல அடுத்தவர் வந்து அமர்வார். எழுந்து சென்றவர் தாம் எடுத்த குறிப்பை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு விரித்து எழுதித் தருவார். இப்படிச் சேரும் துண்டுகள் தொகுக்கப்பட்டு அன்றே திருத்தப்படாத பிரதியாகிவிடும். ஒரே நேரத்தில் இருபது பேர் கத்தும்போது யார் என்ன சொன்னார் என்று பிரித்தறிவது இந்த வேலையின் கடினமான பகுதி. அந்த இடங்களில் ‘குறுக்கீடுகள்’ என்ற ஒற்றைச் சொல் அடைப்புக்குறிக்குள் நிற்கும்.

அவைக்குறிப்பு என்பது ஒரே ஆவணமா?

அல்ல, பல ஆவணங்களைப் பொதுவாக அப்படி அழைக்கிறோம். அன்று என்ன நடைபெறவிருக்கிறது என்பதைச் சொல்வது அலுவல் பட்டியல். நடந்து முடிந்ததை, பேச்சுகளை விட்டு, முடிவுகளை மட்டும் தருவது செய்தி அறிக்கையின் முதல் பகுதி. உறுப்பினர்களுக்கான அறிவிப்புகள் இரண்டாம் பகுதியில் வரும். பேச்சுகளின் சுருக்கம் தனியாக வெளியாகிறது. சொல்லுக்குச் சொல் முழுமையாக இருப்பது விவாதத் தொகுப்பு. பிரிட்டனிலும் இலங்கையிலும் இதனையே, லண்டன் அச்சகத்தார் ஒருவரின் பெயரால், ஹன்சாட் என்கிறார்கள். டெல்லியில் அந்தப் பெயர் அதிகாரபூர்வமாக வழங்குவதில்லை.

உறுப்பினர் தமிழில் பேசினால் அது தமிழிலேயே பதிவாகுமா?

நாடாளுமன்ற அலுவல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெற வேண்டும் என்றும், அவ்விரண்டிலும் போதிய அளவு கருத்தை வெளிப்படுத்த இயலாதவருக்குத் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம் என்றும் 120-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில், முன்கூட்டியே தெரிவித்தால் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்யப்படுவார்; மற்றவர்கள் காதுக்கருவியில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பைக் கேட்பார்கள். ஆனால் மக்களவையின் விவாதத் தொகுப்பைத் திறந்தால் அங்கே தமிழ் எழுத்து இருக்காது. ஆங்கில உரை இருக்கும். அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறியும், பக்கத்தின் அடியில் ‘தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு’ என்ற பொருளில் ஒரு வரியும் காணப்படும். பேச்சில் வந்த குறளோ பழமொழியோ அந்த மொழிபெயர்ப்பில் என்னவாயிற்று என்று அறிய வேண்டுமானால் காணொளியைத்தான் நாட வேண்டும்.

‘அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது’ என்றால் என்ன நடக்கிறது?

அவதூறான, அநாகரிகமான, நாடாளுமன்ற மரபுக்கோ மாண்புக்கோ ஒவ்வாத சொற்களை நீக்க உத்தரவிடும் அதிகாரத்தை மக்களவையின் 380-வது விதி தலைவருக்கு அளிக்கிறது. மாநிலங்களவையில் அது 261-வது விதி. நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறிகள் இடப்பட்டு, தலைவர் உத்தரவின்படி நீக்கப்பட்டது என்ற அடிக்குறிப்பு சேர்க்கப்படும். ஆகவே ஏதோ ஒன்று நீக்கப்பட்டது என்ற உண்மை மறைக்கப்படுவதில்லை. எது என்பது மட்டுமே மறைகிறது.

எந்தச் சொல் மரபுக்கு ஒவ்வாதது என்பதற்கு முந்தைய தீர்ப்புகளைத் தொகுத்த நூல் ஒன்றைச் செயலகம் வைத்திருக்கிறது. அது தடைப் பட்டியல் அன்று, முன்மாதிரிகளின் தொகுப்பு. சூழலைப் பார்த்தே தலைவர் முடிவு செய்ய வேண்டும். சூழலைப் பாராமல் சொல்லை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: ‘கோட்சே’ என்ற சொல் நெடுங்காலம் அந்தத் தொகுப்பில் இருந்தது. நாசிக் தொகுதியிலிருந்து வந்த உறுப்பினரின் குடும்பப் பெயரே கோட்சே. அவர் முறையிட்ட பிறகு, 2015-ல் மக்களவைத் தலைவர் சுமித்ரா மகாஜன் அந்தக் குடும்பப் பெயருக்கு விலக்கு அளித்தார்.

நீக்கப்பட்டதைப் பத்திரிகை வெளியிடலாமா?

கூடாது, அது அவையின் உரிமையை மீறுவதாகும். பாட்னாவின் ‘சர்ச்லைட்’ நாளிதழ், பிகார் சட்டமன்றத்தில் நீக்கப்பட்ட பகுதியையும் சேர்த்து வெளியிட்ட வழக்கில், நீக்கப்பட்ட பேச்சு சட்டத்தின் பார்வையில் பேசப்படாததற்குச் சமம் என்ற நிலைப்பாட்டை 1958-ல் உச்ச நீதிமன்றம் எடுத்தது. நேரலை இல்லாத காலத்துத் தீர்ப்பு அது. இப்போது தலைவர் உத்தரவிடுவதற்குள் அந்தப் பேச்சு பல்லாயிரம் கைபேசிகளுக்குப் போய்விடுகிறது. விதி மட்டும் அப்படியே இருக்கிறது.

‘பதிவாகாது’ என்று தலைவர் சொல்வதும் நீக்கமும் ஒன்றா?

வேறு. நீக்கம் என்பது பதிவானதை எடுப்பது. அனுமதியின்றிப் பேசுபவரின் பேச்சு குறிப்பில் ஏறாது என்று தலைவர் அறிவித்தால், அப்போது முதலே செய்தியாளர் எழுதுவதை நிறுத்திவிடுவார். தொகுப்பில் ‘பதிவு செய்யப்படவில்லை’ என்ற அடிக்குறிப்பு மட்டும் இருக்கும். இதற்கும் நட்சத்திரக் குறியே இடப்படுகிறது. பேசாமல் எழுத்தாக அவையில் வைக்கப்பட்ட உரைக்கும் அதே குறி. வாய்மொழி விடை கோரும் கேள்விக்கும் அதே குறி. எனவே விவாதத் தொகுப்பைப் படிப்பவர் நட்சத்திரத்தைக் கண்டதும் கண்களைப் பக்கத்தின் அடிக்குக் கொண்டு செல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

பேசியவர் பின்னர் தம் பேச்சைத் திருத்திக்கொள்ளலாமா?

தட்டச்சுப் பிழை, பெயர், எண் ஆகியவற்றைத் திருத்தலாம். நடையை அழகுபடுத்தவோ, சொன்ன கருத்தை மாற்றவோ, சொல்லாததைச் சேர்க்கவோ அனுமதி இல்லை.

மக்களவை கலைக்கப்பட்டால் நிலுவையிலுள்ள மசோதாக்கள் என்னவாகும்?

மக்களவையில் நிலுவையில் இருப்பவையும், மக்களவை நிறைவேற்றி மாநிலங்களவையில் நிலுவையில் இருப்பவையும் காலாவதியாகும். மாநிலங்களவையில் தொடங்கி, மக்களவைக்கு இன்னும் வராதவை உயிரோடிருக்கும்.

நீதிமன்றங்கள் விவாதத் தொகுப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றனவா?

அவையின் நடைமுறையில் முறைகேடு இருந்தது என்பதற்காக மட்டும் ஒரு நடவடிக்கையின் செல்லுபடியைக் கேள்விக்கு உட்படுத்த 122-வது பிரிவு இடம் தருவதில்லை. ஆனால் சட்டத்தின் பொருளை அறிய, மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சரின் உரையும் நோக்கக் காரண விளக்கவுரையும் துணையாகக் கொள்ளப்படுவது உண்டு. நிலைக்குழு அறிக்கைகளையும் துணையாகக் கொள்ளலாம், ஆனால் அவற்றின் சரி தவறை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு ஒன்று தீர்ப்பளித்தது.

ஒரு சட்டம் பற்றிய பழைய விவாதத்தை எப்படித் தேடி எடுப்பது?

சட்டத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, ஏனெனில் விவாதங்கள் தேதி வாரியாக அடுக்கப்பட்டுள்ளன. முதலில் அரசிதழில் சட்டத்தின் ஒப்புதல் தேதியைப் பாருங்கள். அங்கிருந்து பின்னோக்கிச் சென்று, செய்தி அறிக்கையின் முதல் பகுதியில், எந்த அவை எந்த நாளில் அதை நிறைவேற்றியது என்று கண்டுபிடியுங்கள். அதே குறிப்பில் மசோதா எண்ணும் இருக்கும். இரு அவைகளுக்குமான தேதிகள் கையில் இருந்தால், நாடாளுமன்ற மின்னூலகத்தில் அந்த நாள்களின் தொகுப்பைத் திறக்கலாம். ஒரே மசோதாவின் விவாதம் இரண்டு மூன்று நாள் நீண்டிருக்கக்கூடும். அமைச்சரின் பதிலுரை பெரும்பாலும் கடைசி நாளில் இருக்கும். பக்கத்தின் தலையில் ‘திருத்தப்படாதது’ என்ற குறிப்பு இருந்தால், மேற்கோள் காட்டும் முன் இறுதிப் பிரதி வெளியாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.